பத்து நாளில் எட்டுக் கிறவுன்

ஆடி பிறந்துவிட்டால் என் கைபேசிக்கு வாய்கள் வரத் தொடங்கிவிடும். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிற எங்கள் சல்லி ஊர்ப் பிள்ளைகள், அவர்களுடைய மச்சாள்மார், மச்சாள்மாரின் சிநேகிதிகள் எல்லாரும் உதட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்த வாட்ஸ்அப் படங்கள். கீழே ஒரே மாதிரி ஒரு வரி: "அக்கா, வாற மாசம் வாறம். பத்து நாள்தான் நிக்கிறது. முன்னுக்கு எட்டுப் பல்லுக்கும் கிறவுன் போட்டு வெள்ளையாக்கலாமோ?"

போடலாம். இந்தக் காலத்தில் எட்டு என்ன, பதினாறும் பத்து நாளில் போட்டு அனுப்பலாம். அந்த எட்டுப் பல்லையும் அதற்குப் பிறகு யார் பார்ப்பது என்பதில்தான் எனக்குச் சிக்கல். கிறவுன் போட்ட பல்லைப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருவர் கண் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முரசோரத்தில் சூத்தை தொடங்குகிறதா, கடி உயர்ந்திருக்கிறதா, பல் நெரிக்கிற பழக்கம் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற ஒருவர். விமானம் ஏறிப் போகிறவருக்கு அந்த ஒருவர் நானாக இருக்க முடியாது. இதைச் சொன்னால், "உங்களுக்குக் காசு வேண்டாமோ?" என்று கேட்கிறார்கள். வேண்டும்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் அரச ஆஸ்பத்திரிப் பற்சிகிச்சைப் பிரிவு, பின்னேரம் நிலாவெளி வீதியோரம் ஒரு சின்னக் கிளினிக். பிறந்தது சல்லி. அம்மன் கோயில் பொங்கலுக்குத் திருகோணமலை மாவட்டம் முழுக்க வந்து குவிகிற கூட்டத்தைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தக் கடற்கரைக் கிராமத்தின் பெயரே தெரியும். சொந்த ஊரில் பல் வைத்தியம் பார்ப்பதில் ஒரு வசதியும் ஒரு கஷ்டமும் இருக்கிறது. வாயைத் திறந்தவுடனே ஆளின் தகப்பன், பேத்தி எல்லாருடைய பல்லும் நினைவுக்கு வந்துவிடும். அது வசதி. மீன் வாங்கப் போன இடத்திலும் வாயைத் திறந்து காட்டுவார்கள்.

சரி, எட்டுப் பல்லு விஷயம்.

கிறவுன், அதாவது பல்லை முழுக்க மூடுகிற கெப், போடுவதென்றால் முதலில் பல்லைச் சுற்றிவர ராவ வேண்டும். மேலே ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர், பக்கங்களில் ஒரு மில்லிமீற்றர் அளவில். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மேல்முன்பல்லு ஒன்றின் அகலமே ஒன்பது மில்லிமீற்றருக்குள்தான். 2002இல் எடல்ஹொஃப், சொரன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல்லை நிறுத்துப் பார்த்தார்கள்: முழுக் கிறவுனுக்காக ராவும்போது முரசுக்கு வெளியே தெரிகிற பல்லின் 63 முதல் 72 சதவீதம் போய்விடுகிறது. முன்பக்கம் மட்டும் ஒட்டுகிற வெனீருக்கு 3 முதல் 30 சதவீதம். பல்லின் மேற்பூச்சான எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. உடம்பில் எலும்பு பொருந்தும், தோல் வளரும். எனாமலைச் செய்கிற உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே செத்துப்போய்விடுகின்றன.

துருக்கிக்குப் போய் ஒரே கிழமையில் இருபது பல்லையும் ராவி வெள்ளை வெளேரென்று போட்டுக்கொண்டு வந்த இங்கிலாந்து இளைஞர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 'துருக்கிப் பல்லு' என்று அங்கே பத்திரிகைகள் பெயரே வைத்துவிட்டன. பலர் தாங்கள் போட்டது வெனீர் என்று நினைத்திருக்கிறார்கள், போட்டது கிறவுன். பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கம் அதைப் பற்றிப் பலமுறை எச்சரித்தாயிற்று. இருபத்தைந்து வயதில் சுகமாக இருந்த பல்லை ராவினால் நாற்பதில் ஒருமுறை, ஐம்பத்தைந்தில் ஒருமுறை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னும் கொஞ்சம் பல்லு போகும். சிலருக்கு ராவின சூட்டிலும் அதிர்ச்சியிலும் உள்ளே நரம்பு மெல்லச் செத்து, சில வருஷம் கழித்துச் சீழ் வைக்கும். அப்போது போட்ட கிறவுனிலேயே துளை போட்டு வேர் சிகிச்சை செய்ய வேண்டிவரும்.

இங்கிலாந்தில் இருக்கிறவர்கள் இங்கே வந்து செய்யப் பார்ப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே அரச சேவையில் கிறவுன் மூன்றாம் கட்டணப் படியில் வருகிறது. 2024 ஏப்ரலில் அது 319 பவுண் 10 பென்ஸ். அந்தக் காசைக் கட்டத் தயாராக இருந்தாலும் அரச சேவையில் புது ஆட்களை எடுக்கிற பல் வைத்தியர் கிடைப்பதில்லை. தனியாரிடம் போனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஊருக்கு வந்தால் அம்மாவையும் பார்க்கலாம், பல்லையும் பார்க்கலாம் என்ற கணக்கு எனக்கு விளங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கிறவுன் உண்மையிலேயே வேண்டியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் ஒருவர் வருவார். பேர் வேண்டாம், சல்லியில் அப்படி நிறையப் பேர். மேல்முன்பல்லு இரண்டின் நுனியிலும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், நடுவில், அரைவட்டமாக. வலை பொத்துகிறவர்களிடமும் தூண்டில்காரரிடமும் இதைக் காணலாம். தங்கூசியைக் கையால் இழுத்துப் பிடித்து முன்பல்லால் கடித்து அறுப்பார்கள். முப்பது நாற்பது வருஷம் ஒரே இடத்தில் கடித்தால் நைலோன் நூல் பல்லை அரம் போட்டது மாதிரி வெட்டிவிடும். கத்தியோ நகவெட்டியோ கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன்.

"பிள்ளை, கடல்ல வலை இழுக்கேக்க கத்தி தேட ஆருக்கு நேரம்? பல்லு எண்டா வாயிலதானே கிடக்கு."

அந்த வெட்டுக்குக் கிறவுன் தேவையில்லை. பல்லு நிறத்தில் அடைப்புக் கலவை வைத்து, நீல வெளிச்சம் பிடித்து இறுக்கினால் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஒரு வருஷத்தில் திரும்ப வெட்டுப்படும்; திரும்பப் போடலாம். பல்லுக்கு நட்டமில்லை. அவர் அதைத்தான் மூடிவிடச் சொன்னார். மகளின் கலியாணம் வருகிறதாம், படத்தில் விழுமாம்.

நான் பார்த்தது பின்னுக்கு இருந்த கொடுப்புப் பல்லு. அதற்கு நரம்பெடுத்து, வேரை அடைத்து, மேலே அடைப்பு வைத்து எவ்வளவோ காலம். நோவில்லை. நோவில்லாத பல்லுக்கு ஏன் கெப் என்பது அவருடைய வாதம். நோகாமல் இருப்பதுதான் அங்கே ஆபத்தே. வேர் சிகிச்சை செய்த பல்லில் சூத்தைக்காகவும் நரம்புக்கு வழி எடுக்கவும் நடுப்பாகத்தைக் குடைந்துவிடுகிறோம். நாலு பக்கச் சுவர் மட்டும் நிற்கும். நண்டுக்கால், கச்சான் தோல், பாக்கு என்று கடிக்கும்போது சுவர்கள் வெளிப்பக்கம் விரியும். ஒருநாள் பல்லு நடுவால் பிளந்து, பிளவு வேருக்குள் இறங்கிவிடும். இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வேர் சிகிச்சை செய்த பல்லுகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றும் 2002இல்தான் வந்தது. அக்வலினோ, கப்லன் என்ற இருவர் செய்தது. கிறவுன் போடாமல் விட்ட பல்லுகள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் போயிருந்தன. முன்பல்லுக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அது கொத்துகிற பல்லு. பாரம் தாங்குகிற கொடுப்புப் பல்லுக்குத்தான்.

இவ்வளவையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வள்ளத்தின்ர அடி மரம் உக்காம இருக்கேக்கயே பைபர் போடோணும், உக்கினாப் பிறகு போட்டும் பிரயோசனமில்லை, அப்பிடித்தானே?" என்றார்.

அப்படியேதான். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. முரசுக்கு மேலே சுற்றிவர இரண்டு மில்லிமீற்றராவது நல்ல பல்லுச் சுவர் நின்றால்தான் கிறவுன் அதைக் கட்டிப் பிடிக்கும். அது இல்லாத பல்லில் தூண் அடித்து, கலவை வைத்து, மேலே எவ்வளவு விலையுயர்ந்த கிறவுனை ஒட்டினாலும் ஒருநாள் எல்லாம் சேர்ந்து கையோடு வரும். ஆகவே யாராவது ஒரு வைத்தியர் 'இந்தப் பல்லுக்குக் கிறவுன் போட்டு வேலையில்லை, எடுக்கலாம்' என்று சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போகாதீர்கள். அடுத்த கிளினிக்கில் போட்டுவிடுவார்கள்.

இலங்கையில் பல் பிடுங்கவும் அடைக்கவும் அரச ஆஸ்பத்திரியில் காசில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மகரகமையில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்து உதவியோடு 1950களில் தொடங்கிய ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. ஆனால் கிறவுன் என்று வந்தால் கதை வேறு. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய பல் வைத்தியசாலைக்கோ அனுப்பலாம், காத்திருக்க வேண்டும், பலதடவை போய்வர வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, ஒரு நாள் தொழிலை விட்டு, திரும்பி வருகிற செலவைக் கூட்டிப் பார்த்தால் தனியாரிடம் போடுவதோடு கிட்டத்தட்டச் சமன். அதனால்தான் வேர் சிகிச்சை இலவசமாக முடிந்த பல்லுகள் கிறவுன் இல்லாமல் ஊர் முழுக்க நிற்கின்றன. 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் 200இலிருந்து 360க்குப் போனபோது எங்கள் சாமான்கள் எல்லாம் இறக்குமதி என்பது எல்லாருக்கும் தெரியவந்தது. விறைக்கிற ஊசி மருந்துக்கே அலைந்த காலம் அது. அன்று ஏறின கிறவுன் விலை பிறகு பழைய இடத்துக்கு வரவில்லை.

என்ன சாமானில் போடுவது என்று எல்லாரும் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

தனி உலோகக் கிறவுன் இருக்கிறது. பார்க்க வடிவில்லை, பல்லை ஆகக் குறைவாக ராவினால் போதும், இலகுவில் உடையாது. கடைசிக் கொடுப்புப் பல்லுக்கு நான் இன்னும் அதைச் சிபாரிசு செய்வேன். ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் அப்பப்பா காலத்தில் தங்கப் பல்லு தெரியச் சிரிப்பது ஒரு கெத்து; பல் வைத்தியக் கணக்கிலும் தங்கம் இன்றுவரைக்கும் அருமையான சாமான்தான், எதிர்ப்பல்லைத் தேய்க்காது. இன்றைய பவுண் விலைக்கு அதைப் பற்றி வாயே திறக்க முடியாது.

இரண்டாவது, உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் சேர்ந்தது. 1960களிலிருந்து உலகம் முழுக்க ஓடின குதிரை. விலை கட்டுப்படியாகும். வருஷம் போகப்போக முரசு கரைந்து கீழே ஒரு கறுப்புக் கோடு தெரியும். கொடுப்புப் பல்லென்றால் யாருக்குக் கவலை. உள்ளே இருக்கிற உலோகம் அனேகமாக நிக்கல் கலந்தது. அதனால் பெண்களிடம் நான் கேட்கிற கேள்வி சிலருக்கு வியப்பாக இருக்கும்: "கவரிங் தோடு போட்டா காது கடிக்கிறதோ, புண் வாறதோ?" ஓம் என்றால் அந்தக் கிறவுனைத் தவிர்த்துவிடுவோம்.

மூன்றாவது சிர்கோனியா. இப்போது எல்லாரும் பேர் சொல்லிக் கேட்பது. வெண்கட்டி மாதிரி மெதுவான கட்டியிலிருந்து கணினி இயந்திரம் கடைந்தெடுக்கும், தேவையான அளவைவிட 20, 25 சதவீதம் பெரிதாக. பிறகு 1,500 பாகைச் சூட்டில் சுட்டால் சுருங்கி, சரியான அளவுக்கு வந்து, கல்லாக இறுகிவிடும். உலோகம் இல்லை, கறுப்புக் கோடு இல்லை. முன்பல்லுக்கு இதைவிட ஒளி ஊடுருவுகிற கண்ணாடிப் பீங்கான் வகை ஒன்றும் இருக்கிறது, அது இன்னும் இயற்கையாகத் தெரியும், பலம் கொஞ்சம் குறைவு. எதுவென்றாலும் அளவை நாங்கள் எடுத்து லாப்புக்கு அனுப்புகிறோம், கடைசல் வேலை பெரும்பாலும் கொழும்பில்.

பீங்கான் கிறவுனை முதலில் உருப்படியாகச் செய்தவர் டெட்ரோயிட் நகரத்துப் பல் வைத்தியர் சார்ள்ஸ் லான்ட். 1889இல் காப்புரிமை எடுத்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் 1927இல் தனியாக அத்திலாந்திக்கைப் பறந்து கடந்த லின்ட்பேர்க். இதற்கும் நம் பல்லுக்கும் சம்பந்தமில்லை. ஊசி விறைக்கும்வரை கதிரையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்கிற கதைகளில் இதுவும் ஒன்று.

நிறம் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. பதினாறு பீங்கான் பல்லுகள் வரிசையாகக் குத்தின ஒரு சட்டம் எல்லாப் பல் வைத்தியரிடமும் இருக்கும். ஏ வரிசை செம்பழுப்புச் சாயல், பி மஞ்சள், சி சாம்பல், டி சாம்பலோடு கொஞ்சம் சிவப்பு. ஊசி போட முதலே, பல்லை ராவ முதலே பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்திருந்தால் பல்லு காய்ந்து இருக்கிற நிறத்தைவிட வெளிறிக் காட்டும். உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்வேன். கதிரை விளக்கை அணைத்துவிட்டு ஆளை யன்னல் பக்கம் திருப்புவேன். மாதிரிப் பல்லைத் தண்ணீரில் தோய்த்து, ஆளின் பல்லுக்குப் பக்கத்தில் தலைகீழாகப் பிடித்து, ஐந்து விநாடிக்கு மேல் பார்க்கக் கூடாது, கண் ஏமாந்துவிடும். சாம்பல் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே பல்லிலேயே முரசோரம் ஏ3, நடுவில் ஏ2, நுனியில் நீலம் கலந்த கண்ணாடி என்று இருக்கும். சிலருக்கு எனாமலில் ஒரு மெல்லிய வெடிப்புக் கோடு தேயிலைச் சாயம் ஏறி நிற்கும். நல்ல லாப்காரர் கேட்டால் அந்தக் கோட்டையும் போட்டுத் தருவார்.

இத்தனையும் பார்த்து, ஏ3 என்று சொன்னால், "இல்லை அக்கா, ஆக வெள்ளையைப் போடுங்கோ" என்பார்கள்.

பக்கத்துப் பல்லு மஞ்சள், இது மட்டும் வெள்ளை என்றால் கலியாணப் படத்தில் முதலில் தெரியப்போவது இதுதான். பல்லை வெளுப்பாக்க ஆசையென்றால் முறை வேறு: முதலில் ஊத்தை கழுவி, பிறகு வெளுப்பு, இரண்டு கிழமை விட்டுவிட்டு நிறம் நிலைத்த பிறகு அதற்கேற்ற கிறவுன். மாறிச் செய்தால் திருத்த முடியாது. வெளுப்பு மருந்து பல்லில்தான் வேலை செய்யும், பீங்கானில் வேலை செய்யாது. 1989இல் அமெரிக்காவில் ஹேவுட், ஹைமன் என்ற இருவர் எழுதினதிலிருந்து வீட்டில் இரவில் போடுகிற முறை வந்தது. பல்லு அளவுக்குச் செய்த மெல்லிய தட்டில் 10 சதவீதக் கார்பமைட் பெரொக்சைட் கூழ். மெதுவாக, ஒன்றிரண்டு கிழமையில் வெளுக்கும். பல்லு கொஞ்சம் கூசும், நிறுத்தினால் போய்விடும். கடையில் விற்கிற கரித்தூள், எலுமிச்சம்புளியும் அப்பச்சோடாவும் குழைத்துத் தேய்க்கிற இணையத்து வைத்தியம் எல்லாம் எனாமலைத் தேய்த்து உள்ளே இருக்கிற மஞ்சளைத்தான் வெளியே கொண்டுவரும்.

சாமத்தியவீட்டுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வெளுக்கச் சொல்கிற தாய்மாருக்கு என் பதில் முடியாது என்பதுதான். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வருகிற மணப்பெண்களுக்கு ஊத்தை கழுவி, மினுக்கி அனுப்பிவிடுவேன். அனேகம் பேருக்கு அதுவே காணும்.

கறைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முன்பல்லில் சுண்ணாம்பு தெறித்தது மாதிரி வெள்ளைப் புள்ளிகள், கூடினால் பழுப்புத் திட்டுகள். அது ஊத்தையில்லை, தேய்த்தால் போகாது. குழந்தைப் பருவத்தில், பல்லு தாடைக்குள் உருவாகிற காலத்தில் குடித்த கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடியிருந்திருக்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கத்து உலர்வலயக் கிணறுகளில் இது தெரிந்த விஷயம். எங்கள் ஊர்க் கடற்கரை மணல் கிணற்றில் வளர்ந்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வன்னிப் பக்கம் போய் அங்கே சின்ன வயதைக் கழித்துவிட்டு வந்தவர்களின் முன்பல்லில் நான் அதைக் கண்டிருக்கிறேன். அண்ணனுக்கு இல்லை, தங்கைக்கு இருக்கும். அண்ணன் போகும்போதே எட்டு வயது தாண்டிவிட்டான்; முன்பல்லு எல்லாம் அதற்கு முதலே உருவாகி முடிந்திருக்கும். அந்தத் தங்கை கூட்டத்தில் சிரிக்க வாயைப் பொத்துவாள். அவளுக்குக் கிறவுன் போடச் சொல்லிச் சிலர் சொல்லியிருந்தார்களாம். வேண்டியதில்லை. மேல்படையை மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்களவு மெல்லிய அமிலப் பசையால் உரசி எடுத்து, வெளுத்து, மிஞ்சின இடத்தில் கலவை வைத்தாலே பெரும்பாலான கறை போய்விடும். வன்கறையென்றால் வெனீர்.

வெற்றிலைக் கறைக்கும் வருவார்கள். அதைக் கழுவ அரை மணித்தியாலம். கழுவ முதல் நாங்கள் வேறொன்று பார்ப்போம்: ஆளின் மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அவருடைய வாய்க்குள் வைக்கச் சொல்வோம். போகவில்லையென்றால் கன்னத்துத் தசை நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கு செய்கிற வேலை அது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்குகிற பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பல்லு வெள்ளையாக்க வந்தவரின் கன்னத்துக்குள் நோகாத ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த நாளில் கிறவுனைப் பற்றிப் பேசுவதில்லை.

பிள்ளைகளின் பாற்பல்லுக்கும் கிறவுன் உண்டு என்றால் தாய்மார் சிரிக்கிறார்கள். விழப்போகிற பல்லுக்கு ஏன்? பாற்கொடுப்புப் பல்லு விழுவது பத்துப் பன்னிரண்டு வயதில். ஐந்து வயதில் சூத்தை வந்தால் மிச்சக் காலம் நோவும் வீக்கமும்தான். ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல் வைத்தியர் ஒரு வழி கண்டார். 2007இல் அதைச் சோதித்த ஆய்வு வெளிவந்தது. ஊசி இல்லை, துளைப்பு இல்லை. பல்லு இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் இரண்டை வைத்துச் சில நாள் விடுவோம். இடைவெளி வந்ததும் அளவான உருக்குக் கிறவுனுக்குள் சீமெந்தை நிரப்பி, பல்லுக்கு மேல் வைத்து, "இறுக்கிக் கடி ராசாத்தி" என்று சொன்னால் பிள்ளையே கடித்து இறக்கிவிடும். சூத்தைக்குள் இருக்கிற கிருமி சாப்பாடு கிடைக்காமல் அடங்கிப்போகும். தாய்மாருக்கு வெள்ளி நிறம் பிடிக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

இனிப் பத்து நாள் விருந்தாளிகளுக்கு. உங்களுக்கு ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. வர முதல் அங்கே எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அனுப்புங்கள். வந்த மறுநாளே வாருங்கள். போகிற கிழமை வராதீர்கள். உடைந்த கொடுப்புப் பல்லு ஒன்றிரண்டுக்குக் கிறவுன் போட்டு, ஒட்டின பிறகு நாலைந்து நாள் சோறும் பாணும் நண்டும் சாப்பிட்டுப் பார்த்து, கடி உயர்ந்திருந்தால் வந்து ராவிக்கொண்டு போக நேரம் காணும். நீலக் கடதாசியைக் கடிக்க வைத்துப் பார்ப்பதெல்லாம் விறைப்போடு இருக்கிற வாயில் அரைகுறைதான். உண்மையான கடி சாப்பாட்டில்தான் தெரியும். போகும்போது ஒரு கடதாசி தருவேன்: எந்தப் பல்லு, என்ன சாமான், என்ன நிறம், எந்தச் சீமெந்து, என்று ஒட்டினது, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே. எந்த நாட்டில் யாரிடம் போட்டாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே வருஷத்தில் ஒருமுறையாவது பார்க்க ஒரு வைத்தியரைப் பிடித்து வைத்துவிட்டுப் போடுங்கள். சுகமான எட்டு முன்பல்லு என்றால் கேட்காதீர்கள். வெளுத்து, கோணலை அடைப்புக் கலவையால் நேராக்கி அனுப்புகிறேன்.

மலிவாக வீட்டுக்கே வந்து 'பல்லு ஒட்டி' விடுகிறவர்களிடம் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். பக்கத்துப் பல்லோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிட்டுப் போவார்கள். கழற்ற முடியாது, கழுவ முடியாது, இரண்டு பக்கத்து நல்ல பல்லும் அழுகும். பதிவுள்ள வைத்தியரா என்று இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம், எங்களுக்குக் கோபம் வராது.

போட்ட கிறவுன் கழன்று விழுவது அனேகமாக வெள்ளிக்கிழமை பின்னேரத்தில்தான். விழுங்காமல் எடுத்துவிட்டீர்களென்றால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரில் கழுவி, ஒரு சின்னப் போத்தலில் போட்டு வையுங்கள். கடதாசியில் சுற்றி வைத்தால் யாராவது குப்பையோடு கொட்டிவிடுவார்கள். சூப்பர் குளூ போட்டு ஒட்ட வேண்டாம், ஒட்டிக்கொண்டு வந்த கிறவுனை எடுக்க நான் பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டிவரும். பல்லு கூசினால் மருந்துக்கடையில் விற்கிற தற்காலிக அடைப்புச் சாமானை மேலே அப்பி, மற்றப் பக்கத்தால் சாப்பிடுங்கள். திங்கட்கிழமை வரும்போது போத்தலையும் கொண்டு வாருங்கள். போத்தலை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் கூட.